சாயப்பட்டறைக்காரன் சட்டி சுட்ட கதை

போன மாதம் வீட்டுக்கு வந்த பழைய சிநேகிதர் ஒருவர் மாடி அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனப்பா, முப்பத்தி நாலு வருஷம் சாயத்துல கை வெச்சிருந்தே. இப்போ மண்ணுல வெச்சிருக்கியே, இது என்ன வேலை?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் 1984 இல் சாயப்பட்டறை வேலைக்குச் சேர்ந்தவன். வின்ச்சில் துணி தள்ளிவிடும் ஆளாகத் தொடங்கி, டையிங் மாஸ்டராகி, 2018 இல் ஓய்வு பெற்றேன். மகன் வெளியூரில். மாடியில் ஒரு காலத்தில் ஓவர்லாக் மெஷின்கள் ஓடிய பத்துக்குப் பன்னிரண்டு அறை சும்மா கிடந்தது. அங்கேதான் இப்போது ஒரு சக்கரமும் சின்ன மின்சூளையும் இருக்கின்றன.

இந்த ஆசைக்கு விதை போட்டது கொடுமணல். 2021 இல் மாநிலத் தொல்லியல் துறையின் அகழாய்வு நடந்துகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். நொய்யலின் வடகரையில், பெருந்துறை வட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று இரண்டு பாட்டில் வரும் ஊர் இதுதான் என்பார்கள். கரூரையும் மேற்குக் கடற்கரையின் முசிறியையும் இணைத்த பழைய வணிக வழியில் இருந்த ஊர். பக்கத்துப் படியூரில் கிடைத்த பச்சைக்கல்லை இங்கே பட்டை தீட்டி மணியாக்கினார்கள். இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்திருக்கின்றன. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டத் தொடங்கிய பிறகுதான் இதெல்லாம் வெளியே வந்தது. பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோரின் பெயர்களை நீங்களும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்.

எல்லோரும் மணியையும் முதுமக்கள் கல்லறைகளையும் பார்த்தார்கள். எனக்குக் கண் போனது ஓட்டுச் சில்லுகள் மேல். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. ஒரே பானையில் இரண்டு நிறம் எப்படி வரும்? சாயக்காரனுக்கு அந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கும். சாயம் பூசி வந்த நிறம் இல்லை அது. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாது. புகை மட்டும் தங்கும். மண்ணில் உள்ள இரும்பு அங்கே கருத்துவிடும், கரியும் படிந்துகொள்ளும். வெளியே காற்றுப் படுவதால் அதே இரும்பு சிவக்கும். ஒரே மண், ஒரே நெருப்பு, காற்று மட்டும்தான் வித்தியாசம். இப்படித்தான் செய்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஷேடு பிடிக்க நான் எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பேன்! அந்த மனுஷன் காற்றை வைத்தே ஷேடு பிடித்திருக்கிறான்.

இன்னொன்றும் அங்கே கிடைத்தது: சுடுமண்ணில் செய்த தக்களி வில்லைகள். நூல் நூற்கும்போது தக்களிக்குக் கனம் கொடுக்கும் வட்டம். ஒரு வில்லையின் நடுவே இரும்புக் கம்பியும் இருந்ததாம். இந்த நொய்யல் கரையில் நூலுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. நூற்பவன் கையில் இருந்தது குயவன் சுட்ட சாமான். பனியன் நகரம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் இந்த ஊரின் கதையை அந்த வில்லையில் இருந்து தொடங்கினாலும் தப்பில்லை.

கொடுமணலில் தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கண்ணன் ஆதன், பண்ணன் என்று பெயர்கள். பெரும்பாலும் பானையை வைத்திருந்தவர்களின் பெயர்கள் என்கிறார்கள். சுட்டு முடித்த பானையில் கூரிய ஆணியால் கீறியவை. ஆக, பானை வாங்கியவன் பெயர் 2,000 வருஷம் நின்றுவிட்டது. செய்தவன் பெயர் இல்லை.

சங்கப் பாட்டில் குயவருக்கு அப்படி ஒன்றும் குறைந்த இடம் இல்லை. கரிகாலன் வென்ற வெண்ணிப் போரைப் பற்றிப் பாடிய வெண்ணிக் குயத்தியார் என்ற புலவரே இருக்கிறார். புறநானூற்றில் ஐயூர் முடவனார் ஒரு பாட்டில், கிள்ளிவளவன் இறந்தபோது ஊர்க் குயவனைப் பார்த்து வருத்தப்படுவார். இவ்வளவு பெரிய அரசனை வைக்கத் தாழி செய்ய வேண்டுமானால், உலகத்தையே சக்கரமாக்கி மேரு மலையை மண்ணாக்கினால்தானே உன்னால் முடியும் என்று கேட்பார். மன்னன் சாவுக்கும் குயவன் வேண்டியிருந்தான்.

நம் காலத்துக்கு வருவோம். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கொங்கு நாட்டுக் கல்யாணம் என்றால் அரசாணிப் பானை குயவர் வீட்டிலிருந்து வர வேண்டும். மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு அவர்கள் கொடுக்க வேண்டும். கருப்பராயனுக்கும் முனியப்பனுக்கும் மண் குதிரை, உருவாரம் எல்லாம் அவர்கள் கைவேலை. வீட்டில் தண்ணிக்கு மொடா, கம்பங்கூழுக்குச் சட்டி, மோருக்குக் கலயம், பனங்காட்டில் கள்ளுக் கலயம். கூரைக்கு நாட்டு ஓடு. நெசவுக்காரர் பாவுக்குக் கஞ்சி காய்ச்சுவது பானையில். மேல்நாட்டுச் சாயம் வருவதற்கு முன் அவுரி ஊறிய தாழியும் மண் தாழிதான். கூலி பெரும்பாலும் பணமாகக் கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் தானியமாக அளப்பார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. சீமை ஓடு வந்து நாட்டு ஓட்டைத் தள்ளியது. அலுமினியம் சட்டியைத் தள்ளியது. எவர்சில்வர் குடம் மொடாவைத் தள்ளியது. மிச்சம் இருந்ததைப் பிளாஸ்டிக் முடித்தது. இதெல்லாம் எல்லா ஊரிலும் நடந்த கதை. எங்கள் ஊரில் வேறு ஒன்றும் நடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வீட்டில் தனியாக ஒரு அறை வைத்து, ஒருத்தர் தன் விருப்பத்துக்குப் பானை செய்வது என்பது வேறு மரபு. இங்கிலாந்தில் 1920 இல் பெர்னார்டு லீச் என்பவரும் ஜப்பானியர் ஷோஜி ஹமாதாவும் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் ஒரு பட்டறை போட்டார்கள். தொழிற்சாலைப் பீங்கான் பெருகிய காலத்தில், கையால் செய்வதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்று காட்டியவர்கள். நம் நாட்டில் குர்சரண் சிங் ஜப்பான் போய்க் கற்று வந்து டெல்லியில் 'ப்ளூ பாட்டரி' நடத்தினார். தமிழ் பேசும் மண்ணில் என்றால் புதுச்சேரி. 1971 இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் அங்கே 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' தொடங்கினார்கள். இன்று நாடு முழுக்க ஸ்டுடியோ வைத்திருக்கும் பலர் அவர்களிடம் படித்தவர்கள், அல்லது அவர்களிடம் படித்தவர்களிடம் படித்தவர்கள். நானும் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கம் இரண்டு வார வகுப்பு ஒன்றில் உட்கார்ந்தேன். வகுப்பில் எனக்குத்தான் வயது அதிகம்.

நாட்டுக் குயவர் சூளை வைக்கோல், வறட்டி, விறகு போட்டு 700, 800 டிகிரி வரை போகும். அந்தப் பானை தண்ணீரைக் கசியவிடும். அதனால்தான் உள்ளே குளிர்கிறது. ஸ்டுடியோக்காரர்கள் 1,200, 1,300 டிகிரிக்குப் போவார்கள். மண் கல்லாகிவிடும். மேலே பூசிய கண்ணாடிப் பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும். ஒன்று உசத்தி, ஒன்று தாழ்த்தி என்று நினைக்க வேண்டாம். 1,250 டிகிரியில் சுட்ட குடத்தில் சித்திரை மாதம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வெந்நீராகத்தான் இருக்கும்.

என் அறைக்கு என்ன செய்தேன் என்று கேட்பவர்களுக்கு: முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சின்னச் சூளைதான், 5 கிலோவாட். ஆனாலும் அதற்குத் தனி ஒயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் வேண்டும். சுவரில் இருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தேன். புகை, ஆவி போக எக்ஸாஸ்ட் மின்விசிறி. தரையில் சிமெண்டுப் பால். மண் தூளை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டவே கூடாது. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நெஞ்சில் போய் உட்கார்ந்தால் திரும்பாது. ஈரத்துணியால் துடைப்பதுதான் வழி. ஈயம் கலந்த பூச்சு வீட்டுக்குள் வராது என்பது என் மனைவி போட்ட சட்டம். நல்ல சட்டம்.

பூச்சு வேலை எனக்குச் சுலபமாக வந்தது. பெல்ஸ்பார், குவார்ட்ஸ், சுண்ணாம்பு, வெள்ளைக் களிமண் இவற்றைச் சதவீதம் போட்டு நிறுத்து, சின்னச் சில்லில் பூசிச் சுட்டுப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். லேபில் சாம்பிள் டையிங் போடுவதும் இதுவும் அண்ணன் தம்பி. மொட்டை மாடியில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டபோது மறுபடி வேலைக்குச் சேர்ந்தது போல இருந்தது.

மண் விஷயத்தில்தான் சறுக்கினேன். முதலில் கடையில் வாங்கிய மண்ணில் பழகினேன். பிறகு, நம்ம ஊர் மண்ணில் செய்தால்தானே அழகு என்று, கோடையில் வற்றிக் கிடந்த எங்கள் ஊர்க் குளத்தில் இருந்து இரண்டு சாக்கு எடுத்துவந்து ஊறவைத்து, வடிகட்டி, மிதித்து, அகல் விளக்குகள் செய்தேன். சுட்டேன். சூளையைத் திறக்கும்போது கை நடுங்கியது. சிவப்பாக நாற்பது விளக்கு. தெருவில் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் இரண்டு கெடுதி. சில விளக்குகளில் காசு அளவுக்குச் சில்லு தெறித்து விழுந்தது. அது சுண்ணாம்புக் கல். நம் பக்கத்து மண்ணில் அது நிறைய. சுடும்போது நீறாகி, பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து ஊதி வெடிக்கும். அதைச் சன்னமான சல்லடையில் சலித்தால் சமாளிக்கலாம். இன்னொன்று புரியவில்லை. விளக்கெல்லாம் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்தால் போகவில்லை.

எங்கள் ஊர்க் கோடியில் ஒரு குயவர் வீடு உண்டு. பெரியவருக்கு எண்பது இருக்கும். சூளை நின்று வெகு காலம். மகன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவரிடம் ஒரு விளக்கையும், மிச்சமிருந்த பச்சை மண் கட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"வாங்க தம்பி" என்றார். விளக்கைத் திருப்பிப் பார்த்தார். பிறகு காய்ந்த மண் கட்டியை வாயருகே கொண்டுபோய் நாக்கில் வைத்தார். துப்பினார்.

"உப்புங்க தம்பி."

"குளத்து மண்ணுதானுங்கண்ணா."

"தெரியுமுங்க. எங்களுக்கு இருவத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாலயே பூத்துருச்சு. பானை சுட்டா வெள்ளை அடிக்கும். தண்ணி ஊத்தி ஆறு மாசம் வெச்சா மேல பொரிஞ்சு உதிரும். வாங்கினவங்க கொண்டாந்து திண்ணையில வெச்சுட்டுப் போனாங்க. எங்கய்யன் காலத்துல ஒரு பானை திரும்பி வந்ததில்லீங்க. அப்பறந்தான் சூளைய நிறுத்திட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க சாயப்பட்டறையில இருந்தவருதானுங்களே?" என்றார்.

"ஆமாங்கண்ணா."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே பார்த்து, "தம்பிக்குத் தண்ணி கொண்டாம்மா" என்று குரல் கொடுத்தார். தண்ணீர் பிளாஸ்டிக் கேனில் இருந்து வந்தது.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் போடுவோம். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. பழைய வின்ச்சில் தண்ணீர் இன்னும் கூடுதல், உப்பும் கூடுதல். இந்த உப்பு துணியில் தங்காது. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு, அத்தனையும் கழிவுத் தண்ணீரில் வெளியே வரும். ஒரு கிலோ கருப்புப் பனியன் துணிக்கு அரைக் கிலோ உப்பு. எத்தனை டன் துணி, எத்தனை வருஷம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். அது வாய்க்காலிலும் நொய்யலிலும் போய், குளத்தில் தங்கி, வெயிலில் தண்ணீர் ஆவியாக, மண்ணில் நின்றது. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் இடமாகிப் போனதும், விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700 க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நானும் அப்போது மாதக்கணக்கில் வீட்டில் இருந்தேன். கோபமாகத்தான் இருந்தேன், கோர்ட்டின் மேல்.

பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற முறை வந்தது. ஆர்.ஓ., ஆவியாக்கும் கலன் எல்லாம் வைத்து, தண்ணீரையும் உப்பையும் பிரித்துத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். செலவு அதிகம். ஆனால் முடிகிறது. முடியும் என்று 1990 இலேயே நாங்கள் நம்பியிருக்கலாம்.

விவசாயி கேஸ் போட்டார், நஷ்டஈடு கேட்டார். அது நியாயம். குயவர் எதையும் கேட்கவில்லை. நிலம் இல்லாதவர், அவருடைய நிலம் என்பது அந்தக் குளத்து மண்தான். அதற்குப் பட்டா கிடையாது. 'எவர்சில்வர் வந்தது, குயவர் தொழில் போனது' என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. எங்கள் ஊரில் கடைசித் தள்ளு கொடுத்தது நான் வாளி வாளியாகப் போட்ட உப்பு. அவர் மகனுக்குச் சோறு போட்டதும் அதே பனியன் தொழில்தான் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறு வாரம் மறுபடியும் போனேன். "எனக்கு மண்ணுப் பார்க்கச் சொல்லிக் குடுங்கண்ணா" என்று கேட்டேன். சம்மதித்தார். தெற்கே தாராபுரம் ரோட்டுப் பக்கம், மழைத் தண்ணீர் மட்டும் நிரம்பும் ஒரு குளம் அவருக்குத் தெரியும். 2024 இல் இருந்து விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் குளத்து வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. அவர் பெயரில் மனுப் போட்டோம். என் பெயரில் போட முடியாது, நான் தொழிலாளி இல்லையே. மண் வந்தது அவர் வீட்டுக்கு. அதில் இரண்டு சாக்கு நான் விலைக்கு வாங்கிக்கொண்டேன்.

இப்போது நாங்கள் இருவரும் மண்ணைச் சோதிக்கும் விதம் வேடிக்கையாக இருக்கும். அவர் நாக்கில் வைத்துப் பார்ப்பார். நான் ஆர்.ஓ. தண்ணீரில் மண்ணை ஊறவைத்து, பட்டறையில் இருந்து மிச்சமான டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்ப்பேன். இதுவரை இரண்டும் ஒத்துப்போகின்றன. சுண்ணாம்புக்கு எலுமிச்சம்பழச் சாறு ஒரு சொட்டு. நுரைத்தால் மறுபடி சலிக்க வேண்டும்.

என் மின்சார சக்கரத்தை அவருக்குப் பிடிக்கவில்லை. "ரொம்ப அவசரப்படுதுங்க" என்கிறார். தன் வீட்டுப் பழைய கனத்த சக்கரத்தைக் கோலால் சுற்றிவிட்டு, அது ஓய்வதற்குள் ஒரு பானையின் வாய் கழுத்து எல்லாம் முடித்துவிடுகிறார். பிறகு உள்ளே ஒரு கல்லை ஏந்தி, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை உருட்டுகிறார். எனக்கு அந்தத் தட்டு இன்னும் வரவில்லை. என் பானைகள் எல்லாம் அடி தட்டையானவை.

போன கார்த்திகைக்கு அவர் வீட்டில் சின்னச் சூளை ஒன்று போட்டார்கள். இருநூறு அகல், பத்துத் தண்ணிப் பானை. மகன் ஞாயிற்றுக்கிழமை லீவில் வைக்கோல் அடுக்கினார். பானைகளில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டு, கொடுமணல் ஓடுகளின் நினைவில், "அடியில உங்க பேரைக் கீறிக் குடுங்கண்ணா" என்று கேட்டேன்.

"பேரு எதுக்குங்க தம்பி? ஆறு மாசம் தண்ணி ஊத்துங்க. பூக்காம இருந்தாச் சொல்லுங்க, அப்பறம் எழுதறேன்" என்றார்.

ஐந்து மாதம் ஆகிறது. எங்கள் சமையலறையில் மூலையில் மணல் மேல் அந்தப் பானை உட்கார்ந்திருக்கிறது. தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைச் சுற்றிப் பார்க்கிறேன். இதுவரை பூக்கவில்லை.